காயாத பலகை

தாள் திரும்பி வந்தபோது நான்கு வரியும் அதில் இருந்தன, நான்கின் மேலும் சிவப்புக் கோடு இருந்தது. கோடு என்றால் ஏதோ கிறுக்கல் இல்லை. அடிமட்டம் வைத்து, ஆற அமர, ஒன்றுக்கு இரண்டாக இழுத்த கோடு. ஓரத்தில் பெரிய கிளாக்கர் பரமலிங்கத்தின் சுருக்கொப்பமும் யூலை ஐந்து என்று தேதியும். பெற்றீசியாவுக்கு உச்சந்தலைக்குச் சூடு ஏறியது. மேசையில் இருந்த டைப்ரைட்டரைத் தூக்கி ஜன்னல் வழியே வீசினால் என்ன என்று ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தாள்.

லிந்துலைக்கு மேலே, மூன்று மைல் ஏறினால் வருகிற கரடிப்பாறைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்து ஆபிஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். இரண்டு வருடமாகத் தற்காலிகம். இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் நிரந்தரக் கடிதம் தருவதாகத் தோட்டத்து மனேஜரான தொரை சொல்லியிருந்தார். வேலை என்ன தெரியுமா? தோட்டத்துக்கு ஒரு விஷன் எழுதுவது!

தொரை கொழும்பில் மூன்று நாள் செமினாருக்குப் போய் வந்ததிலிருந்து பிடித்த கிரகம் அது. அரசாங்கம் தோட்டங்களை எடுத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. இனிமேல் தோட்டமும் கம்பெனி மாதிரி யோசிக்க வேண்டுமாம். பத்து வருடம் கழித்து, 1996இல், இந்தத் தோட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று நாலைந்து வரியில் எழுத வேண்டும். அதைப் பலகையில் தீட்டி ஃபெக்டரி வாசலில் மாட்ட வேண்டும். யூலை பதினைந்தாம் திகதி கொழும்பிலிருந்து சேர்மன் வந்து திரையை விலக்குவார்.

"ஆனா ஒரு விசயம். விஷன் மேல இருந்து வரக்கூடாது. ஆளுங்க கிட்ட இருந்து வரணும். நீ லயத்துப் புள்ள. நீ போய் கேளு. அவங்க மனசுல என்ன இருக்கோ அத எழுது" என்றார் தொரை, தன் தோட்டத்துத் தமிழில்.

நம்பினாள். அதுதான் அவளுடைய முட்டாள்தனம். ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில் கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் போய் நின்றாள். இடுப்பில் கட்டிய, மழையில் நனைந்த சாக்குப் படங்கும் தலையில் கயிறும் கூடையுமாக நின்ற பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னாடி, பத்து வருசம் கழிச்சா? பத்து வருசம் கழிச்சு நான் மண்ணுக்குள்ள இருப்பேன். அங்க கொழுந்து எடுக்கச் சொல்லாம இருந்தா சரி" என்றாள் ஒரு கிழவி.

சிரிப்பு அடங்குகிறவரைக்கும் நாகலெட்சுமி காத்திருந்தாள். மேல்கணக்கில் அவள் வாய்க்குக் கங்காணியே பயப்படுவார். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "எழுதிக்க பெற்றீசியா. புள்ளத்தாச்சிக்கு வலி வந்தா லொறி மொதல்ல அவளுக்கு. கொழுந்து அப்புறம். தேயிலப் பெட்டி அப்புறம். தொரையம்மா மார்க்கெட்டுக்குப் போறது அதுக்கும் அப்புறம். இதத்தான் மொத வரியா எழுதணும். எழுதுவியா?"

சிரித்தவர்கள் எல்லோரும் பெற்றீசியாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஏனென்றால் பெற்றீசியாவின் அக்கா தெரேசாவின் முதல் பிள்ளை அப்படித்தான் போனது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வலி கண்டு துடித்தபோது, லொறி தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தலவாக்கலை ஸ்டேசனுக்குப் போயிருந்தது. "வந்ததும் அனுப்புறோம்" என்றார்கள். லொறி வந்தது, பிள்ளை செத்துப் பிறந்தது. இப்போது தெரேசா மறுபடியும் நிறைமாதம். புருஷன் ஜோர்ஜ் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில். நாள் நெருங்க நெருங்க, ரோட்டில் லொறி சத்தம் கேட்டால் போதும், தெரேசா காம்பரா வாசலுக்கு வெளியே வந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பாள். அந்தப் பார்வையைப் பார்த்துப் பார்த்துப் பெற்றீசியாவின் வயிறு எரிந்துபோயிருந்தது.

எழுதினாள். முதல் வரி லொறி. இரண்டாவது, கக்கூசுகளுக்குக் கதவு. மூன்றாவது, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவுக்கு ஒழுகாத கூரை. நான்காவது, ஐந்தாம் வகுப்போடு நிற்காத பள்ளிக்கூடம். தமிழில் கையால் எழுதி, இங்கிலீஷில் டைப் அடித்து, எதற்கும் இருக்கட்டும் என்று கார்பன் வைத்து ஒரு பிரதி எடுத்துப் பைலில் போட்டாள். மேலே அனுப்பிய டைப் தாள்தான் இப்போது சிவப்புக் கோட்டோடு அவள் முன்னால் கிடக்கிறது.

எழுந்து நேராகப் பெரிய கிளாக்கரின் மேசைக்குப் போனாள். பரமலிங்கம் யாழ்ப்பாணத்து ஆள். இருபது வருடமாகத் தோட்டத்தில் இருக்கிறார். லயப்பக்கம் ஒரு தடவை போயிருப்பாரோ என்னவோ.

"என்னங்க ஐயா இது? தொரை ஆளுங்ககிட்ட கேட்டு எழுதச் சொன்னாரு. கேட்டு எழுதியிருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இஞ்சை பாரும் பிள்ளை. உது விஷன் இல்லை. உது பெட்டிசம். லொறி, கக்கூஸ், கூரை... சேர்மன் வந்து திரையை விலக்கிப்போட்டு உதையே வாசிக்கிறது? எங்களுக்கு வெக்கம் இல்லையோ?"

"வெக்கமா? அப்படி நடக்கிறது வெக்கம் இல்லீங்களா, எழுதுறதுதான் வெக்கமா?"

"உம்முடைய கடிதம் இன்னும் வரேல்லை. அதை நினைச்சுக்கொண்டு கதையும்" என்றார் பரமலிங்கம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.

தொரையிடம் போனாள். தொரை கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். வாத்தியார் மாதிரிப் பொறுமையாக விளக்கினார். விஷன் என்றால் கனவு. கனவில் லொறி வராது. மனிதர்கள், அன்பு, ஒற்றுமை, முன்னேற்றம், அப்படிப் பெரிய பெரிய சொல்லாக வர வேண்டும். "நீ கெட்டிக்காரி. உனக்கு நல்ல தமிழ் இருக்கு. அழகா எழுது பாப்போம்."

எழுதினாளே பாவி! நிரந்தரக் கடிதம் கண்ணுக்கு முன்னால் ஆடியது, எழுதிவிட்டாள். "கரடிப்பாறை ஒரே குடும்பம். அன்பாலும் உழைப்பாலும் ஒன்றுபட்டு, ஒளிமயமான நாளையை நோக்கி நடப்போம்." பத்து நிமிடம் கூட ஆகவில்லை. தொரை கை தட்டினார். பரமலிங்கம்கூடத் தலையாட்டினார். அன்று சாயங்காலம் லயத்துக்குப் போனபோது நாகலெட்சுமி வாசலில் நின்று, "என்னாடி, மொத வரி போட்டியா?" என்று கேட்டாள். பெற்றீசியா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். தொரை மேலும் கிளாக்கர் மேலும் இருந்த கோபத்தில் பாதி அந்த நேரத்தில் தன் பக்கமே திரும்பியது. 

பலகை தீட்டுகிற வேலை சின்னத்தம்பிக்கு. ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க் போடுகிறவர். ஆறடி நீளம், மூன்றடி அகலம், கனமான பலகை. வெள்ளை பூசி அதன் மேல் சிவப்பு எனாமலில் மூன்று பாஷை எழுத்து. "ஐயா, இது யூலை மாசம். மல மேல ஒரு நாள் கூட வெயில் இல்ல. எனாமல் காயாதுங்க" என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்டார்கள்? பதினைந்தாம் திகதி காலையிலும் எழுத்து விரலில் ஒட்டியது. திரை பட்டால் போச்சு என்று, கடைசி நிமிடத்தில் மாட்டலாம் என ஃபெக்டரி வாசலில் கூரைக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தார்கள்.

அன்று காலை எட்டரை மணிக்குத் தெரேசாவுக்கு வலி கண்டது.

பெற்றீசியா ஆபிசில் மாலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து லயத்துப் பெண் மூச்சு வாங்க ஓடி வந்து சொன்னாள். மருத்துவிச்சி பார்த்துவிட்டாளாம். இரத்தம் படுகிறதாம், இங்கே வைத்துக்கொள்ள முடியாது, உடனே லிந்துலை ஆஸ்பத்திரி என்கிறாளாம். கம்பளியைக் கம்பில் கட்டி அதில் தெரேசாவைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்களாம். பெற்றீசியா மாலையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஃபெக்டரி வாசலுக்கு ஓடினாள். லொறி அங்கேதான் நின்றது. கடவுளே, நிற்கிறது! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

லொறி நிறைய நாற்காலி. டவுனில் வாடகைக்கு எடுத்த நூறு நாற்காலி, மேலே மைதானத்துக்குப் போக வேண்டியவை. டிரைவர் வீரய்யா ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி இருந்தார். பரமலிங்கம் குடையோடு முன்னால் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அக்காவுக்கு வலி. இரத்தம் படுதாம். லொறி வேணும்."

"இப்பவோ?" என்றார் அவர். அந்த ஒரு சொல்லைப் பெற்றீசியா சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். "சேர்மன் பத்து மணிக்கு வாறார். நாற்காலி இறக்கிப்போட்டு உடனே அனுப்புறன். ஒரு அரை மணித்தியாலம் பொறும்."

"போன தடவையும் பொறுத்தோம்ங்க!"

"பிள்ளை, சத்தம் போடாதையும். நான் தொரைக்குப் பதில் சொல்ல வேணும். வீரய்யா, எடும் லொறியை."

வீரய்யா அவளைப் பார்த்தார், கிளாக்கரைப் பார்த்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கியரைப் போட்டார். லொறி மைதானத்துப் பக்கம் ஏறியது. அதே நேரம் படிக்கட்டுப் பாதையில் கம்பளியோடு நாகலெட்சுமியும் இன்னும் ஐந்து பெண்களும் இறங்கினார்கள். கம்பளிக்குள் தெரேசா சுருண்டு கிடந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. தலை மட்டும் லொறி போகிற சத்தத்தின் பக்கம் திரும்பியது.

"போயிருச்சா?" என்று கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மருத்துவிச்சி கத்தினாள். "இப்படிச் சுருட்டித் தூக்கக்கூடாது. மூணு மைலு தாங்காது. நீட்டிப் படுக்க வைக்கணும். கட்டிலு, கதவு, ஏதாச்சும் பலகை இருந்தா கொண்டாங்க!"

பெற்றீசியா திரும்பிப் பார்த்தாள். கூரைக்குக் கீழே சாய்ந்து நின்றது, ஆறடி நீளம், மூன்றடி அகலம்.

"புடிங்கடி!" என்றாள்.

"ஐயோ, அது சேர்மனுக்கு!" என்று பரமலிங்கம் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நாகலெட்சுமி அவருக்கும் பலகைக்கும் நடுவில் வந்து நின்றாள். கையில் ஒன்றும் இல்லை, இடுப்பில் கை மட்டும். அவர் அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. பலகையைத் தரையில் சாய்த்து, தெரேசாவை அதன் மேல் நீட்டிப் படுக்க வைத்து, கம்பளியால் போர்த்தி, படங்குக் கயிற்றால் கட்டி, ஆறு பெண்கள் தோளில் தூக்கினார்கள். ஒரு பக்கம் பெற்றீசியா. ஆபிசுக்குப் போட்டு வந்த செருப்பை உதறிவிட்டு நடந்தாள்.

மழை தூறியது. ரோட்டில் சேறு. தோளில் பலகை அறுத்தது. தெரேசா முனகுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெற்றீசியா நடக்க நடக்கத் தான் எழுதிய வரியை ஒவ்வொரு சொல்லாகத் திட்டினாள். அன்பாம். உழைப்பாம். ஒளிமயமான நாளையாம்! நாசமாய்ப் போக! எழுதின கையை வெட்டிப் போட்டால் என்ன என்று நினைத்தாள். பிறகு, அந்தக் கை இப்போது பலகையைப் பிடித்திருக்கிறது, கீழே போய்ச் சேரட்டும் என்று நினைத்தாள்.

முக்கால் மைல் இறங்கியிருப்பார்கள். பின்னால் ஹோர்ன் சத்தம். வீரய்யா! லொறி வெறுமையாக வந்தது. நாற்காலிகளை மைதானத்துக்குப் போகிற வழியிலேயே புல்லில் கொட்டிவிட்டு, லொறியைத் திருப்பியிருக்கிறார். கதவைத் திறந்து குதித்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏத்துங்க, சீக்கிரம் ஏத்துங்க" என்று மட்டும் சொன்னார். பலகையோடு ஏற்றினார்கள்.

இரண்டாவது வளைவில் சேர்மனின் கார் எதிரே வந்தது. ஒரு வண்டி போகிற ரோடு. காரின் டிரைவர் சிங்களத்தில் கத்தினான், லொறியைப் பின்னால் எடுக்கச் சொன்னான். வீரய்யா ஹோர்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. இருபது வருடம் தலை குனிந்து ஓட்டிய மனுஷன்! கடைசியில் கார்தான் பின்னால் போய், ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் ஒரு சில்லை இறக்கி வழி விட்டது. கண்ணாடிக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒருவர் லொறியின் பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாகலெட்சுமி அவரைப் பார்த்துக் கும்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டொக்டர் சொன்னார். தெரேசாவின் உடுப்பை மாற்றிய நர்ஸ் வெளியே வந்து, "இது என்ன, முதுகெல்லாம் சிவப்பு எழுத்து?" என்று கேட்டாள். காயாத எனாமல் சேலையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மண்ணெண்ணெய் போட்டும் பிறகு அது போகவில்லை.

மறுநாள் விசாரணை. தொரை மேசைக்குப் பின்னால், பக்கத்தில் பரமலிங்கம். விழாவில் சேர்மன் ஈர நாற்காலியில் உட்கார வேண்டி வந்ததாம். விஷனைத் தாளில் பார்த்து வாசித்தார்களாம். தொரையின் முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது. "யாரக் கேட்டு பலகைய எடுத்த?"

பெற்றீசியா நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். "அதுலயே எழுதியிருக்கே தொரை, கரடிப்பாறை ஒரே குடும்பம்னு. குடும்பத்துச் சாமான எடுக்கிறதுக்கு யாருகிட்ட கேக்கணும்?"

"வாய மூடு! ஒரு அவசரம்னா என்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். சொன்னா நான் லொறி குடுக்க மாட்டேனா?"

அதற்குத்தான் அவள் காத்திருந்தாள். மடித்து வைத்திருந்த தாளை மேசையில் விரித்து வைத்தாள். சிவப்புக் கோடு போட்ட முதல் வரி. ஓரத்தில் சுருக்கொப்பம், யூலை ஐந்து. "பத்து நாளைக்கு முன்னாடியே சொன்னேன் தொரை. எழுத்துல சொன்னேன். கனவுல லொறி வராதுன்னு நீங்கதான் சொன்னீங்க. கார்பன் கொப்பி பைல்ல இருக்கு."

தொரை தாளைப் பார்த்தார். பரமலிங்கம் ஜன்னலைப் பார்த்தார்.  பிறகு தொரை, வீரய்யாவுக்கு இரண்டு வாரம் வேலை இல்லை என்றும், பெற்றீசியா மாத முடிவோடு வேலையை விட்டு நின்றுவிடலாம் என்றும் இங்கிலீஷில் சொன்னார். நிரந்தரக் கடிதத்தின் கதை அத்தோடு முடிந்தது. பெற்றீசியா தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆனால் லயத்தில் முடியவில்லை. அடுத்த நாள் விடிய, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுகிற நேரத்தில், இருநூறு பெண்களும் வந்து நின்றார்கள். ஒருத்தி தலையிலும் கூடை இல்லை. கங்காணி கத்தினார், கணக்கப்பிள்ளை கெஞ்சினார். மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் தொரையே வந்தார்.

"சரி, நான் உத்தரவு போடுறேன். புள்ளத்தாச்சிக்கு லொறி மொதல்ல. வீரய்யாவும் வேலைக்கு வரட்டும். போதுமா? மலைக்குப் போங்க."

"எழுதுங்க. வாயால சொன்னது போன தடவையும் சொன்னதுதான். அந்தப் பலகையிலேயே எழுதுங்க" என்றாள் நாகலெட்சுமி.

எழுதினார்கள். ஆனால் ஃபெக்டரி வாசலில் வைக்கத் தொரையின் மனசு கேட்கவில்லை. வாசலுக்குப் புதுப் பலகை, புது எனாமல், பழைய ஒரே குடும்பம். அழிந்து தேய்ந்த பழைய பலகையில் சின்னத்தம்பி வெள்ளை பூசி, நாகலெட்சுமி சொன்னதை அப்படியே தீட்டி, லொறி நிற்கிற கொட்டகைக்குள் மாட்டினார். பெற்றீசியாவை நிறுத்தினது நிறுத்தினதுதான், அதில் தொரை இறங்கி வரவில்லை. ஆவணியில் அவள் தாயின் கூடையை எடுத்துக்கொண்டு மேல்கணக்குக்குப் போனாள்.

ஐப்பசியில் ஒரு நாள், மலையில் நின்றபடி அவள் அதைப் பார்த்தாள். கீழே ரோட்டில் கொழுந்து ஏற்றிக்கொண்டு போன லொறி சட்டென்று நின்றது. வீரய்யா இறங்கி, சாக்குகளை ஒவ்வொன்றாக ரோட்டோரத்தில் போட்டார். யாரிடமும் கேட்கவில்லை. கீழ்லயத்திலிருந்து ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து ஏற்றினார்கள். லொறி இறங்கிப் போனது. சாக்குகள் மழையில் கிடந்தன.

நாகலெட்சுமி பக்கத்தில் வந்து நின்றாள். "இப்பவாச்சும் கோவம் போச்சா?"

"எங்க போகும்?" என்றாள் பெற்றீசியா. இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து, நனையாமல் படங்குக்குள் மறைத்து விரித்தாள். முதல் வரியின் மேல் இருந்த சிவப்புக் கோட்டை எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தாள். பிறகு இரண்டாவது வரியில் விரலை வைத்தாள். "சின்னத்தம்பி அண்ணன்கிட்ட இன்னொரு பலகைக்கு வெள்ளப் பெயின்ட் மிச்சம் இருக்கானு கேளுங்க. கக்கூசுக்குக் கதவு இன்னும் வரல."